பன்னிரண்டாவது துண்டு

கல் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் எங்கள் டெப்போவில் முதலில் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். டாக்டரெல்லாம் அப்புறம்தான். நானும் சட்டையைத் தூக்கி, இடது விலாவுக்குக் கீழே முதுகிலிருந்து வயிறு வரை ஓடும் தழும்பைக் காட்டிவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஆகிறது. எழுதி வைத்துவிட்டால் கையில் கொடுத்து, படித்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போகலாம்.

நான் பஸ் கண்டக்டர். மதுரையிலிருந்து மேற்கே குமுளி வரை போகிற வண்டி. இந்த உத்தியோகத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு பழக்கம் வந்துவிடும். தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் நேரம் போகும், பின்னால் வருகிற வண்டிக்காரன் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். சித்திரை வெயிலில்கூட ஆண்டிபட்டியில் ஒரு டீ, தேனியில் ஒரு டீ, அவ்வளவுதான். இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். சிறுநீரில் இருக்கிற உப்பு கரையத் தண்ணீர் கிடைக்காமல், ஓரிடத்தில் தங்கி இறுகிக் கல்லாகிறது என்று பின்னாளில் சர்ஜன் சொன்னார். கேஸ் ஷீட்டில் அதற்குக் கால்குலஸ் என்று எழுதுவார்கள். அந்தப் பெயரைப் பார்த்து முதலில் பயந்துபோனேன். சின்னக் கல் என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் இல்லையாம்.

முதல் வலி உசிலம்பட்டி தாண்டியதும் வந்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டேன். இடுப்பில் ஆரம்பித்து, வயிற்றைச் சுற்றி, தொடையிடுக்கு வரை இறங்கியது. கொஞ்சம் விட்டது, மறுபடி பிடித்தது. டிரைவர் மொக்கைச்சாமி வண்டியை ஓரம் கட்டிவிட்டு எழுந்து வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் என்னை மாப்பிள்ளை என்பார், நான் மச்சான் என்பேன்.

"என்ன மாப்ள, சூடு பிடிச்சிருச்சா?"

"சூடு இல்ல மச்சான். எவனோ உள்ள கையை விட்டுத் திருகுறான்."

அந்தத் திருகலுக்கு ரீனல் கோலிக் என்று பெயர். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப் பைக்கு இறங்குகிற மெல்லிய குழாயின் வாயில் கல் வந்து உட்கார்ந்தால், அதை வெளியே தள்ளக் குழாய் சுருங்குகிறது. சுருங்கும்போது வலி, தளரும்போது நிம்மதி. மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. அதற்கு ஹெமச்சூரியா. சிறுநீரில் ரத்தம், வேறொன்றும் இல்லை.

கே.கே. நகரில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் ஐ.வி.பி. எடுக்கச் சொன்னார். முந்தின நாள் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் காலி செய்துகொண்டு போக வேண்டும். கையில் நரம்பு வழியாக ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். வேலை செய்கிற சிறுநீரகம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். வேலை செய்யாதது தெரியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு மருந்து ஏறியதும் வாயில் இரும்பை நக்கிய ருசி வந்தது. பிறகு உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு முட்டியது, கண் இருட்டியது. காலைத் தூக்கி வைத்து, வேறு ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அந்தக் கலவரத்தில் ஒரே ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. டாக்டர் அதை டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்து, இடது பக்கம் மொச்சைக் கொட்டை அளவு ஒரு கல் இருக்கிறது, மாத்திரை தருகிறேன், தண்ணீர் குடி, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்றார். ஒரு சீட்டில் சிவப்பு மையால் அந்த மருந்தின் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"இது இனிமே உனக்கு ஆகாதுப்பா. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல இந்தச் சீட்டைக் காட்டணும். படத்தையும் பத்திரமா வச்சுக்க. இப்படி இன்னொரு படம் உனக்கு எடுக்க முடியாது."

சீட்டை லைசென்ஸ் கவருக்குள் வைத்தேன். படத்தைப் பீரோ மேல் போட்டேன். பதினைந்து நாளில் வலி போய்விட்டது. வலி போனால் கல்லும் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, மாசி அமாவாசையன்று சூரிய கிரகணம். நாங்கள் ஆரப்பாளையத்தில் ஒரு வளவில் குடியிருந்தோம். நடுவில் முற்றம், சுற்றி எட்டு வீடு. அன்றைக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. பஸ்ஸில் ஏற ஆள் இல்லை என்று டிரிப்பை ரத்து செய்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வளவுப் பெண்கள் சோற்றுப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மாசமாக இருந்த செல்வியை அவள் மாமியார் சன்னல் இல்லாத அறையில் உட்கார வைத்து வெளியே காவல் இருந்தார். எனக்கு அப்போது இந்த விஷயங்களில் கொஞ்சம் திமிர் உண்டு. நிழல் விழுவதற்கு எதற்கு இப்படி ஒளிகிறீர்கள் என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன். வெறும் கண்ணால்தான் பார்க்கக் கூடாது, எக்ஸ்ரே படம் வழியாகப் பார்க்கலாம் என்று டெப்போவில் பேசிக்கொண்டார்கள். அதுவும் கண்ணுக்கு ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மனைவி பஞ்சவர்ணம் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன்.

"டாக்டரு பத்திரமா வைக்கச் சொன்னாருல்லங்க?"

"வலியே போயிருச்சு. படத்தை வச்சு ஊறுகாயா போடப் போற?"

நடு முதுகெலும்பில் முதல் வெட்டு. நீளவாக்கில் நாலு பட்டை, ஒவ்வொரு பட்டையும் குறுக்கே மூன்றாக. பன்னிரண்டு துண்டு. டிக்கெட் கொடுக்கிற வேகத்தில் வீட்டுக்கு வீடு நீட்டினேன். கறுப்பாக இருந்த ஓரத் துண்டு கிடைத்தவர்களுக்குச் சூரியன் அழகாகத் தெரிந்தது. எலும்பு விழுந்த துண்டு கிடைத்தவர்கள் கண் கூசுகிறது என்று குறை சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் வளவே முற்றத்துக்கு வந்துவிட்டது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறு வருஷம் ஆடி மாதத்தில் குளிர் ஜுரம் வந்தது. பல் கிட்டும் நடுக்கம், பிறகு வேர்வை, மறுபடி நடுக்கம். இடது பக்கம் தொட்டால் துடித்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு பக்கமும் கட்டில் போட்ட நீண்ட வார்டு. எனக்குச் சன்னல் ஓரம் கிடைத்தது. ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரை எடுத்தார்கள், சாதாரண எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. வரிசையில் எனக்குப் பதிலாகப் பஞ்சவர்ணம் நின்றாள், என் முறை வந்ததும் ஓடி வந்து கூட்டிப்போனாள்.

திங்கட்கிழமை காலை ரவுண்ட்ஸில் சர்ஜன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சத்தமே வராமல் பேசுவார். பின்னால் நாலு சின்ன டாக்டர்கள். அவர்களிடம் அவர் சொன்ன வார்த்தைகளை நான் டிக்கெட் அட்டையின் பின்னால் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டேன். ஒரு சின்ன டாக்டர் பிறகு உட்கார்ந்து விளக்கினார். ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்றால் கல் அடைத்து, சிறுநீர் இறங்க வழியில்லாமல் சிறுநீரகம் வீங்கிப்போவது. பயோநெஃப்ரோசிஸ் என்றால் அந்த வீக்கத்துக்குள் சீழ் வைப்பது. எனக்கு முதலாவது நிச்சயம், இரண்டாவது இருக்கலாம். ஜுரத்தைப் பார்த்தால் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது என்றார்.

சர்ஜன் என் சிவப்பு மைச் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை ஆபரேஷன். எடது சிறுநீரகம் உள்ள அழுகியிருந்தா எடுத்தாகணும். எடுக்கணும்னா வலது பக்கம் ஒண்ணு இருக்கா, அது வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியணும். சில பேருக்குப் பிறவியிலயே ஒண்ணுதான் இருக்கும். இப்ப எடுத்த படத்துல உன் வலது பக்கம் பூரா வாயு மறைச்சிருக்கு. அந்த மருந்தை மறுபடி உனக்கு ஏத்த எனக்குத் தைரியம் இல்ல. பழைய ஐ.வி.பி. படம் எங்க?"

"வெட்டிட்டேன் சார்."

"எதுக்கு?"

"கிரகணம் பாக்க."

சின்ன டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள். சர்ஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரிஞ்சுதா?"

"என்னது சார்?"

"கிரகணம்."

"நல்லாத் தெரிஞ்சது சார்."

அவர் சிரிக்கவில்லை. "வலது பக்கம் தெரியாம நான் இதை எடுக்க மாட்டேன். கல்லை மட்டும் எடுத்துட்டு, ஒரு டியூப் வச்சு மூடிருவேன். சீழ் நிக்கலைன்னா மறுபடி திறக்கணும். இந்த ஜுரத்தோட ரெண்டாவது தடவை நீ தாங்குவியான்னு எனக்குச் சொல்லத் தெரியல. புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு" என்று எழுந்துவிட்டார்.

பயந்தேன். அதை மறைப்பதற்கில்லை. பயத்தைவிட, பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் சொல்லியும் வெட்டியவன் நான். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். திட்டாமல் கூடையை எடுத்துக்கொண்டு, "வளவுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினாள்.

அவள் பட்ட பாட்டை அப்புறம் சொன்னாள். ஆறு துண்டு அவரவர் வீட்டிலேயே இருந்தது. ஒன்றை டிரான்சிஸ்டரில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் ஒட்டியிருந்தார்கள். ஒன்று கோழிக்கூட்டின் ஓட்டையை அடைத்திருந்தது. இரண்டு, வீடு மாறி சிம்மக்கல்லுக்குப் போன குடும்பத்தோடு போயிருந்தன. டவுன் பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தாள். இப்படிப் பத்து சேர்ந்தது.

செல்வி மட்டும் தன்னிடம் இல்லை என்று சாதித்தாள். மாமியார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "நான் உள்ளல்ல இருந்தேன் அக்கா, எனக்கு யாரு குடுத்தா?" என்றாள். பஞ்சவர்ணம் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து, "ரவிக்கைத் துணி அக்கா, தச்சுக் குடுங்க" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். துணிக்குள் பதினோராவது துண்டு இருந்தது. மாசமாக இருந்தவள் மாமியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எப்படியோ கிரகணம் பார்த்திருக்கிறாள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஆனால் மாமியாருக்குத் தெரிந்தால் அதற்கு வருகிற சளி இருமலுக்கெல்லாம் இதுதான் காரணமாகிவிடும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாமியார் இப்போது இல்லாததால் எழுதுகிறேன்.

பஞ்சவர்ணம் கட்டிலில் வெள்ளைத் துண்டை விரித்து, படத்தைச் சேர்க்க உட்கார்ந்தாள். எக்ஸ்ரேயைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெட்டிய துணியைச் சேர்ப்பது அவளுடைய தொழில். முதலில் முதுகெலும்பின் இரண்டு பாதியையும் கொக்கிப் பட்டி வைப்பது போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு விலாவுக்கு விலா பார்த்தாள்.

"இதுல உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எதுன்னு எப்பிடித் தெரியும் சிஸ்டர்?" என்று நர்ஸைக் கேட்டாள்.

படத்தின் ஓரத்தில் வலது பக்கத்துக்கு அடையாளமாக ஆங்கில ஆர் எழுத்து விழுந்திருக்கும், அது நேராகத் தெரிந்தால் நேர் பக்கம் என்று நர்ஸ் சொன்னார். அந்த எழுத்து செல்வி கொடுத்த துண்டில் இருந்தது. நர்ஸ் பிளாஸ்டர் வெட்டிக் கொடுக்கக் கொடுக்க, பஞ்சவர்ணம் ஒட்டினாள். இடது பக்கக் கல் வெள்ளையாக, தெளிவாக இருந்தது. வலது பக்கம், விலா முடிகிற இடத்தில், ஒரு துண்டு அளவுக்கு ஓட்டை.

சர்ஜன் வந்து அதைச் சன்னலில் பிடித்தார். ஓட்டை வழியாக வெயில் அவர் சட்டையில் விழுந்தது.

"நான் கேட்டது மட்டும்தாம்மா இல்ல" என்றார். பஞ்சவர்ணம் அப்போதுதான் அழுதாள்.

ஐம்பது பேர் நிற்கிற வண்டியில் யார் எங்கே ஏறினார் என்று கேட்டால் நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். பன்னிரண்டாவது துண்டை யாரிடம் கொடுத்தேன் என்று மட்டும் வரவே இல்லை. ஜுரம் வேறு. வளவில் எல்லோரையும் கேட்டாயிற்று. புதன்கிழமை காலையில், டிரிப் ஷீட் கணக்கு உதைத்தால் செய்வதைச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு முதல் ஸ்டாப்பிலிருந்து மறுபடி போனேன். முதல் வீடு, இரண்டாவது வீடு, தண்ணீர்க் குழாய், மாடிப்படி. கடைசியில் வளவு வாசல். வாசலில் ஒரு காக்கிச் சட்டை. கையில், நான் பஸ்ஸிலேயே மறந்துவிட்டு வந்த என் தூக்குவாளி.

"மொக்கைச்சாமி மச்சான்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

அவர் அன்றைக்குக் காலை வண்டியில் குமுளி போய்விட்டிருந்தார். பஞ்சவர்ணம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி டைம் கீப்பரிடம் சொன்னாள். மேற்கே கிளம்புகிற ஒவ்வொரு டிரைவரிடமும் அவர் சொல்லி அனுப்பினார். எதிரும் புதிருமாக வண்டிகள் ஒதுங்கும்போது டிரைவர்கள் கையைக் காட்டி நிறுத்தி ஒரு வார்த்தை பேசிக்கொள்வது எங்கள் ரூட்டில் வழக்கம். போலீஸ் நிற்கிறதா, எங்கே பாலம் வேலை நடக்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் போகும். ஆண்டிபட்டிக் கணவாயில் எதிரே வந்த வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, நம்ம கண்டக்டர் கிட்னி உங்ககிட்ட இருக்காம்ல?" என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் பதறிவிட்டார்களாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மொக்கைச்சாமி வார்டுக்குள் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு அந்தத் துண்டு.

"இதானா மாப்ள? கண்ணாடிக்கு மேல சொருகி வச்சிருந்தேன். மேக்க போறப்ப வெயிலு மூஞ்சிலயே அடிக்குமா, இது இருந்தாத்தான் ரோடு தெரியும்."

"வண்டியை எங்க விட்ட?"

"வாசல்லதான் நிக்கிது. ஆளுக உக்காந்திருக்கு. கிட்னியக் குடுத்துட்டு வாரேன், பொறுங்கன்னேன். அம்புட்டுப் பேரும் சரின்னுட்டாக."

பஞ்சவர்ணம் முந்தானையால் துண்டைத் துடைத்து ஓட்டையில் வைத்தாள். விலா விலாவோடு சேர்ந்தது. சர்ஜன் மேற்குச் சன்னலில் படத்தைப் பிடித்தார். எனக்கே தெரிந்தது. நாலைந்து சின்னக் கிண்ணங்கள், எல்லாம் ஒரு புனலில் வந்து சேர்கின்றன. அந்தக் கிண்ணத்துக்குக் கேலிக்ஸ் என்று பெயர். அத்தனையும் பளிச்சென்று வெள்ளை.

"இருக்கு. நல்லா வேலை செஞ்சிருக்கு. ரத்தத்துல யூரியாவும் சரியா இருக்கறதால இப்பவும் செய்யுது. நாளைக்குத் தைரியமா உள்ள போலாம்" என்றார் சர்ஜன். பிறகு மொக்கைச்சாமி பக்கம் திரும்பி, "ஒன்றரை வருஷமா இதையா முன்னால வச்சு ஓட்டினீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா. என்னமோ பூப் போட்டிருக்குன்னு நெனச்சேன்."

மறுநாள் திறந்தார்கள். இடது சிறுநீரகம் சீழ் நிறைந்த வெறும் பையாக இருந்தது. எடுத்துவிட்டார்கள். அதற்குப் பெயர் நெஃப்ரெக்டமி. மயக்கம் தெளிந்ததும் நான் கேட்டது தண்ணீர்தான். அன்றைக்கு மட்டும் கொடுக்கவில்லை, ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார்கள். கல்லைப் பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். மொச்சைக் கொட்டை வளர்ந்து, கிளை விட்டு, இஞ்சித் துண்டு மாதிரி ஆகியிருந்தது. விலாவிலிருந்து தொங்கிய டியூப் ஐந்தாம் நாள் போனது, தையல் பத்தாம் நாள். பார்க்க வந்தவர்களெல்லாம் வாழைத்தண்டு கொண்டு வந்தார்கள். டிரைவர்கள் சிலர் பீர் குடித்தால் கல் கரையும் என்றார்கள். உள்ளே கல்லும் இல்லை, கல் இருந்த இடமும் இல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்வது? வாழைத்தண்டை வார்டுக்கே பங்கு போட்டோம்.

சர்ஜன் கடைசியாகச் சொன்னதைத்தான் இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். வலி போவதும் கல் போவதும் வேறு வேறு. வண்டி எவ்வளவு தாமதமானாலும் தண்ணீர் குடித்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிட்டு ஏறுங்கள். பின்னால் வருகிறவன் ஆளை ஏற்றிக்கொண்டு போனால் போகட்டும்.

மூன்று மாதம் கழித்து நான் டியூட்டிக்குத் திரும்பியபோது, மொக்கைச்சாமி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். டீயைக் குடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"தங்கச்சி, ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சுல்ல. அந்தத் துண்டைக் குடுத்தேன்னா சொருகிக்கிருவேன். சாயங்கால வெயிலு கண்ணக் குத்துது."

படம் அப்போது பீரோவுக்குள், கல்யாணப் புடவை மடிப்பில் இருந்தது. சாவி பஞ்சவர்ணத்தின் இடுப்பில் இருந்தது. எனக்குக்கூட அவள் அதைக் கொடுப்பதில்லை.

"உங்களுக்குக் கூலிங் கிளாஸ் வாங்கித் தாரேண்ணே" என்றாள். "அதைக் கேக்காதீக. இவுகளுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்."